வால் விசிறி இல்லாத ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றாமல் பறப்பது எப்படி? இடம் வலம் திரும்புவது எப்படி?

வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 10 மி.மீ. இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். டிரில் மிஷினின் பக்கக் கைப்பிடியை யாரோ கழற்றி எங்கேயோ போட்டிருந்தார்கள். பிட் மறுபக்கம் வெளியே வரப்போகிற நேரத்தில் தகட்டில் கடித்துக்கொண்டது. பிட் நின்றுவிட்டது, மிஷின் சுற்றியது, கூடவே என் மணிக்கட்டும். ஒரு வாரம் வீக்கம். "கைப்பிடி இல்லாத மிஷின எவன்டா உன் கையில குடுத்தது?" என்று மேஸ்திரி கத்தியது தனிக்கதை.

ஹெலிகாப்டரிலும் இதே சங்கதிதான். எஞ்சின் மேல் விசிறியை ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். வானத்தில் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால்தான் காசிமேட்டுக் கடல்மேல் போகும் கடலோரக் காவல்படையின் சேத்தக் ஹெலிகாப்டருக்கு வாலில் ஒரு குட்டி விசிறி. அதுதான் பக்கக் கைப்பிடி. அச்சிலிருந்து தள்ளி இருப்பதால் கொஞ்சம் விசையே போதும்; வால் அவ்வளவு நீளமாக இருப்பதும் அதற்காகத்தான்.

சரி, அந்த விசிறி இல்லாவிட்டால்? உடம்பைச் சுற்றப் பார்க்கும் அந்த முறுக்கு எங்கும் போய்விடாது, வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். நம் கடற்படையின் காமோவ் 31இல் ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். வால் குட்டையாக இருப்பதால் கப்பலில் நிறுத்தவும் வசதி.

திரும்பும் விதம்தான் எனக்குப் பிடித்தது. விமானி மிதியை அழுத்தினால், ஒரு விசிறியின் இறக்கைகள் கூடுதலாகச் சாய்ந்து காற்றை அதிகம் கடிக்கும், மற்றது குறைவாகக் கடிக்கும். மொத்தத் தூக்குவிசை ஏறக்குறைய அப்படியே இருக்கும். முறுக்குக் கணக்கு மட்டும் இடிக்கும், உடம்பு திரும்பும். சமமாக இருந்ததை வேண்டுமென்றே கெடுப்பது, அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் விடும் நாலு விசிறி ட்ரோனும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. அங்கே இறக்கையின் சாய்வுக்குப் பதில் வேகம் மாறும்.

2019 முதல் நம் விமானப்படையில் இருக்கும் சினூக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவையும் எதிரெதிர். திரும்ப வேண்டுமென்றால் முன் விசிறி சுற்றும் வட்டத்தை ஒரு பக்கமும் பின் விசிறி சுற்றும் வட்டத்தை மறுபக்கமும் சாய்ப்பார்கள். கனமான பீரோவை ஆளுக்கொரு முனையில் பிடித்து, எதிரெதிர்ப் பக்கம் தள்ளித் திருப்புவது போல.

மேலே ஒரே விசிறி, வாலிலும் விசிறி தெரியாது என்ற ரகமும் உண்டு. அமெரிக்காவின் எம்.டி. 520என் அப்படி. இதுதான் ஆளை ஏமாற்றுவது. விசிறி இருக்கிறது, ஆனால் வால் குழாயின் தொடக்கத்தில் உள்ளே ஒளிந்திருக்கிறது. அது ஊதும் காற்றில் ஒரு பகுதி குழாயின் வலப்பக்கத்திலுள்ள நீளமான கீறல்கள் வழியாக வெளியே வந்து, குழாயின் வளைவில் ஒட்டிக்கொண்டே ஓடும். ஒழுகும் குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகைக் காட்டிப் பாருங்கள். நேராக விழாமல் வளைவோடு ஒட்டிப் போகும், கரண்டியும் தண்ணீரை நோக்கி இழுக்கப்படும். இங்கேயும் மேல் விசிறியிலிருந்து இறங்கும் காற்று அந்தப் பக்கம் வேகமாக ஓட, வலப்பக்க அழுத்தம் குறைந்து வால் வலப்பக்கம் இழுக்கப்படுகிறது. மிச்சக் காற்று வால் நுனியில் உள்ள துவாரம் வழியாகப் பீச்சும். மிதியை அழுத்தினால் அந்தத் துவாரம் எந்தப் பக்கம் எவ்வளவு திறப்பது என்பது மாறும். வேகமாக முன்னே பறக்கும்போது வாலிலுள்ள செங்குத்துத் துடுப்புகளும் கைகொடுக்கும். சத்தம் குறைவு, வெளியே சுற்றும் விசிறியில் ஆள் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

அப்புறம், முறுக்கே வராத ஒன்றும் இருந்தது. தீபாவளிக்குத் தரையில் விடும் சங்குசக்கரத்தை யாரும் பிடித்துச் சுற்றுவதில்லை, ஓரத்தில் சீறும் நெருப்பே அதைச் சுற்றுகிறது. 1950களில் பிரான்சில் செய்த ஜின் என்ற ஹெலிகாப்டரில் இறக்கை நுனிகளிலிருந்து அழுத்தக் காற்று பீச்சியது. உடம்பைப் பிடித்துத் தள்ளிச் சுற்றுவதில்லை என்பதால் உடம்பு எதிர்ப்பக்கம் திமிறவும் இல்லை. திரும்புவதற்கு எஞ்சின் புகை வெளியேறும் வழியில் ஒரு சுக்கான், நம் விசைப்படகில் இருப்பது போல.