ஓபரா ஒத்திகையில் காதலும் சண்டையும்: ஸ்டேஜ் மேனேஜர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "'கார்மென்' என்ற ஓபராவுக்கு (இசை நாடகம்) ஸ்டேஜ் மேனேஜராக இருக்கிறேன். குழுவில் ஏழு நாட்டுக்காரர்கள். முதல் காட்சிக்கு இன்னும் 16 நாள். நாயகி கார்மெனாகப் பாடும் மெஸ்ஸோ சொப்ரானோவும் (நடுத்தரப் பெண்குரல்) அவளைக் காதலிக்கும் டான் ஹோசேயாகப் பாடும் டெனரும் (உயர்ந்த ஆண்குரல்) இரண்டாவது வாரத்தில் காதலிக்கத் தொடங்கினார்கள். போன வாரம் பிரிந்துவிட்டார்கள். இப்போது டெனர் கையைத் தொட்டாலே பாடகி ஒதுங்குகிறார். கோரஸ் (சேர்ந்து பாடும் குழு) இரண்டு கட்சியாகிவிட்டது. இயக்குநரும் இசை நடத்துநரும் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள். இசை நடத்துநருக்கும் மிக்கேலா என்ற பாத்திரமாகப் பாடும் பாடகிக்கும் ஏதோ இருக்கிறது என்று வேறு பேச்சு. குழுவுக்குள் காதல் கூடாது என்று விதி போட்டுவிடலாமா? நான் எதை முதலில் கையில் எடுப்பது?"

பதில்: விதி போட வேண்டாம். வீட்டைவிட்டு வந்து ஐந்தாறு வாரம் தங்கி, தினமும் மணிக்கணக்கில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் காதலைப் பாடுகிறவர்களிடம் "காதலிக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தால், அவர்கள் காதலிப்பதை நிறுத்த மாட்டார்கள். உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். 1974இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் கபிலானோ தொங்கு பாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆடும் பாலத்தில் நடந்த ஆண்கள், அசையாத பாலத்தில் நடந்தவர்களைவிட அதிகமாக, அங்கே தங்களிடம் கேள்வி கேட்ட பெண்ணைப் பிறகு போனில் அழைத்தார்கள். பயத்தில் வந்த படபடப்பை ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். மேடையும் அப்படி ஒரு பாலம்தான். அங்கே படபடப்பு, மூச்சிரைப்பு, தோற்றுவிடுவோமோ என்ற அச்சம், கூடவே நம்மைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு கை எல்லாம் ஒன்றாக வருகின்றன. அந்த இருவர் மேலும் எனக்குக் கோபமே வரவில்லை. நீங்களும் கோபப்பட வேண்டாம்.

நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது கடைசி அங்கத்தின் இருவர் பாடல். நாளை காலையே. ஏறக்குறைய பத்து நிமிடம் அந்த மேடையில் அவர்கள் இருவர் மட்டும் இருக்கப் போகிறார்கள். ஹோசே கெஞ்சுகிறார், வழி மறிக்கிறார், கார்மென் மோதிரத்தைக் கழற்றி வீசுகிறார், ஹோசே கத்தியால் குத்துகிறார். பிரிந்து ஒரு வாரமே ஆன இருவர் இதை 'உணர்ந்து' நடிக்கக் கூடாது. உணர்வு பாட்டில் இருக்கட்டும். உடம்பின் ஒவ்வொரு அசைவும் இசையின் எண்ணிக்கைக்குள் வர வேண்டும்.

இருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்ல வந்தாலும், "அது உங்கள் சொந்த விஷயம், எனக்குக் காட்சி பத்திரமாக நடந்தால் போதும்" என்று மென்மையாகத் திருப்பிவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது? மணிக்கட்டா, முழங்கையா, தோளா, இடுப்பா என்று இடம் இடமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2017க்குப் பிறகு பல ஓபரா அரங்குகளில் இதற்கென்றே நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர்கள் வந்திருக்கிறார்கள். உங்கள் தயாரிப்பில் ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சண்டைப் பயிற்சியாளரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இயக்குநரோடு உட்கார்ந்து காட்சியைத் திரும்பக் கட்டுங்கள். 'கோபமாக நெருங்குகிறார்' என்று ஒத்திகைப் பிரதியில் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். எந்தச் சொல்லில் எத்தனை அடி, எந்தக் கை, எத்தனை எண்ணிக்கையில் விடுகிறார் என்று எழுதுங்கள். மோதிரம் வீசும் இடத்தில் 'தியேன்!' (இந்தா!) என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் இருவருக்கும் நடுவே கை நீட்டினாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும் என்று வையுங்கள். மேடைச் சண்டையின் அடிப்படை ஒன்றுண்டு: இழுபடுகிறவரே அசைவை நடத்துவார், இழுப்பவர் பின்தொடர்வார். பார்வையாளருக்கு டெனர் பாடகியை இழுப்பதுபோல் தெரியும். உண்மையில் வேகம், திசை, நிற்கும் இடம் மூன்றும் பாடகியின் கையில் இருக்கும். பிரிந்த பிறகு இந்த ஏற்பாடு அவருக்குப் பெரிய நிம்மதி தரும். அடுத்த ஒத்திகையிலேயே அவர் தோள் தளர்வதை நீங்கள் பார்ப்பீர்கள்.

கத்தி விஷயத்தில் கொஞ்சம் கூடக் கண்ணயராதீர்கள். அலகு உள்ளே போய்விடும் விளையாட்டுக் கத்தியை நம்ப வேண்டாம், அது சிக்கிக்கொள்ளும் நாளும் வரும். முனையும் விளிம்பும் மழுங்கிய கத்தி, உடம்பைத் தொடாமல் பார்வையாளருக்கு மறைவான பக்கமாகப் போகும் குத்து, இதுதான் சரி. காட்சி முடிந்ததும் கத்தி மேடைப் பொருள் பொறுப்பாளரிடம் திரும்பிப் பூட்டுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் திரை தூக்குவதற்கு முன் அந்தச் சண்டையை முதலில் மெதுவாக, பிறகு முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவர்கள் நூறு முறை செய்திருந்தாலும் சரி. நான் பணிபுரிந்த ஒரு தயாரிப்பில், நேரமில்லை என்று ஒரே ஒரு நாள் இதை விட்டுவிட்டோம். அன்றைக்குப் பாடகியின் மணிக்கட்டில் வந்த நீலத் தழும்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அன்று அவர்களுக்குள் எந்தப் பிணக்கும் கிடையாது, வெறும் பதற்றம்தான்.

மாற்றுப் பாடகர்கள் இருவரையும் நாளையிலிருந்து ஒத்திகைக்கு வரச் சொல்லுங்கள். மிரட்டலாகத் தெரியாதபடி செய்யுங்கள். எப்படியும் முதல் காட்சிக்கு முன் அவர்கள் அசைவுகளைக் கற்றாக வேண்டுமே. 2006 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் 'ஐடா' ஓபரா நடந்தபோது, பார்வையாளர்கள் கூச்சலிட்டதால் டெனர் ரொபெர்த்தோ அலாஞ்ஞா மேடையைவிட்டு வெளியேறினார். மாற்றுப் பாடகர் போட்டிருந்த சாதாரண உடையிலேயே ஓடிவந்து பாட்டைத் தொடர்ந்தார். அப்படி ஒருவர் தயாராக இல்லையென்றால் அந்த இரவு அங்கேயே முடிந்திருக்கும்.

இனி இயக்குநருக்கும் இசை நடத்துநருக்கும் வருகிறேன். என் அனுபவத்தில் இந்தச் சண்டைகளில் பாதி, அகங்காரத்தால் வருவதல்ல. யாருடைய நேரம் எது என்று யாரும் சொல்லாததால் வருவது. பியானோவோடு நடக்கும் மேடை ஒத்திகைகள் இயக்குநருடையவை. பாடகர்கள் உட்கார்ந்தபடி ஆர்கெஸ்ட்ராவோடு முதல்முறை பாடும் 'சிட்ஸ்புரோபெ' இசை நடத்துநருடையது. அதன்பின் ஆர்கெஸ்ட்ராவோடு மேடையில் நடக்கும் ஒத்திகைகளில் நிறுத்துகிற உரிமை அவருக்கு மட்டும். இயக்குநர் குறிப்பெடுத்துக்கொண்டு இடைவேளையில் சொல்வார். இது பரவலான வழக்கம்தான். ஆனால் ஏழு நாட்டு வழக்கங்கள் சேருமிடத்தில் 'எல்லோருக்கும் தெரியுமே' என்று எதையும் விடக் கூடாது. அட்டவணையில் ஒவ்வொரு ஒத்திகைக்கும் பக்கத்தில் 'நடத்துபவர்' என்று ஒரு பெயரைப் போடுங்கள். அவர்கள் எதற்காகச் சத்தம் போடுகிறார்கள் என்றும் உற்றுக் கேளுங்கள். பாடகர் மேடையின் ஆழத்தில் முதுகைக் காட்டி நிற்கிறார், நடத்துநரின் கை தெரியவில்லை, தாளம் பிந்துகிறது என்பதுதான் பெரும்பாலும் விஷயமாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு மானிட்டர் கூடுதலாக வைத்தால் தீர்ந்துவிடுகிற சண்டை அது.

பன்னாட்டுக் குழுவுக்கே உரிய சில குழிகளையும் சொல்ல வேண்டும். ஆங்கில வழக்கத்தில் மேடையின் இடது என்றால் நடிகரின் இடது. ஜெர்மன் அரங்குகளில் பார்வையாளரின் இடது. 'இடது பக்கம் போ' என்றால் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள், அப்புறம் ஒருவர் மற்றவரைக் கவனமில்லாதவர் என்பார். பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தவிர்க்கப் பார்வையாளரின் இடப்பக்கத்தைத் தோட்டம் என்றும் வலப்பக்கத்தை முற்றம் என்றும் சொல்கிறார்கள். நீங்களும் அப்படி இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் பெரிதாக ஒட்டிவிடுங்கள். ஸ்வரப் பெயர்களிலும் இதே கதைதான். ஜெர்மன் முறையில் 'பி' என்பது ஆங்கிலேயரின் பி ஃபிளாட், ஆங்கிலேயரின் 'பி'யை அவர்கள் 'ஹா' என்பார்கள். போதாதற்குக் 'கார்மெ'னுக்குப் பதிப்புகள் பல. அதன் இசையமைப்பாளர் பிசே வைத்த பேச்சு வசனங்கள் உள்ள வடிவம் ஒன்று, அவர் இறந்தபின் இன்னொரு இசையமைப்பாளர் கிரோ எழுதிச் சேர்த்த பாட்டு வசனங்கள் உள்ள வடிவம் இன்னொன்று. ஆளுக்கொரு பதிப்பு கையில் இருந்தால் பக்க எண் சொல்லிப் பயனில்லை. எந்த வடிவம் என்று முடிவு செய்து, ஒரே பதிப்பின் இசைப்பிரதியில் அச்சிட்டிருக்கும் ஒத்திகை எண்ணை மட்டும் சொல்லுங்கள். பேச்சு வசன வடிவம் என்றால், பிரெஞ்சு தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சியாளரைத் தனியறையில் வையுங்கள். பாடும்போது ராஜாவாக நிற்பவர் பேசும்போது கூனிப்போவதை எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கூச்சம்தான் பிறகு சிடுசிடுப்பாக வெளியே வரும்.

குரலைச் சேமிக்க ஒத்திகையில் அடக்கிப் பாடுவது இன்னொரு குழி. எதிரே நிற்பவர் அதை அலட்சியம் என்று நினைப்பார். பிரிந்த காதலர்களுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம், வேண்டுமென்றே தன்னை அவமதிப்பதாகத் தோன்றும். 'இன்று அடக்கிப் பாடுகிறேன்' என்று ஒத்திகை தொடங்கும்முன் உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் அதை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். குறை சொல்வதிலும் அப்படித்தான். சிலர் வளர்ந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் திருத்துவது சாதாரணம், சிலருக்கு அது தலைகுனிவு. இடம், நேரம், தாளம் பற்றிய குறிப்பைப் பொதுவில் சொல்லலாம். குரல், உடம்பு, நடிப்பு பற்றியதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

கோரஸ் கட்சி பிரிவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1727 ஜூன் 6 அன்று லண்டனில் பொனொன்சீனியின் 'அஸ்தியனாத்தெ' ஓபரா நடந்தபோது, குட்சோனி, ஃபவுஸ்தினா என்ற இரண்டு இத்தாலியப் பாடகிகளின் ரசிகர்கள் அரங்கிலேயே கூச்சலும் சீழ்க்கையுமாக மோதிக்கொண்டார்கள். இளவரசி கேரலைன் அன்று அங்கே இருந்தார். பாடகிகளே முடியைப் பிடித்து அடித்துக்கொண்டதாகப் பிற்பாடு கதை வளர்ந்தது. அந்தப் பகையை ஊதிப் பெரிதாக்கியவர்கள் சுற்றி நின்றவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு இசையமைப்பாளர் ஹேண்டல் அந்த இருவருக்காகவும் 'அலெஸ்ஸாண்ட்ரோ' ஓபரா எழுதியபோது பாட்டுகளைத் தராசில் நிறுத்ததுபோல் சமமாகப் பங்கிட்டார். நீங்களும் உடைமாற்றும் அறை, சிகை அலங்கார நேரம், கடைசியில் வணங்க வரும் வரிசை எல்லாவற்றையும் இப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். உதவியாளர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது, 'பாவம், அவருக்காக' என்றுகூட.

'கார்மெ'னின் பிறப்பிலேயே இந்தக் கலகம் உண்டு என்பது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். 1875 மார்ச் 3 அன்று பாரிஸின் ஓபரா கொமிக்கில் முதல் காட்சி. அதற்கு முந்தைய ஒத்திகை மாதங்களில், வரிசையாக நின்று பாடியே பழகிய கோரஸ், புகைத்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் தனித்தனியாக நடிக்கச் சொன்னதை எதிர்த்தது. சில இடங்களை வாசிக்கவே முடியாது என்றது ஆர்கெஸ்ட்ரா. மேடையில் கொலை கூடாது என்று நினைத்த, அரங்கின் நிர்வாக இயக்குநர்களில் ஒருவரான த லூவன் ஒத்திகை தொடங்கும் முன்பே பதவி விலகியிருந்தார். நிர்வாகம் மாற்றங்கள் கேட்டபோது, கார்மெனாகப் பாடிய காலி மாரியேவும் ஹோசேயாகப் பாடிய லெரியும் விலகிவிடுவோம் என்று சொல்லி பிசேயின் பக்கம் நின்றார்கள். இன்று நாம் கேட்பது அவர்கள் காப்பாற்றித் தந்ததைத்தான்.

கடைசியாக மிக்கேலா. இது மற்றவற்றைப் போன்றதல்ல. கார்மெனும் ஹோசேயும் சமநிலையில் உள்ள இருவர். இசை நடத்துநரோ மிக்கேலாவாகப் பாடுபவரின் பாட்டின் வேகத்தை, அதில் எதை வெட்டுவது என்பதை, ஒருவேளை அடுத்த வாய்ப்பையே தீர்மானிக்கிறவர். பாடகி ஜோன் சதர்லாண்டும் இசை நடத்துநர் ரிச்சர்ட் போனிங்கும் 1954இல் மணந்துகொண்டு, பிறகு பல பத்தாண்டுகள் அவர் நடத்த இவர் பாடினார். அது எல்லோரும் அறிந்த ஏற்பாடு. மறைந்து நடப்பதுதான் குழுவை அரிக்கிறது. ஆனால் வதந்தியை விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. நிர்வாகத் தலைவரிடம் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். உண்மை என்றால் அவர்கள் நிர்வாகத்திடம் அறிவிக்கட்டும், அந்தப் பாடகி பற்றிய முடிவுகளை வேறொருவர் எடுக்கட்டும். அந்தப் பாடகியே உங்களிடம் வந்து, தனக்கு விருப்பமில்லை, மறுக்க முடியவில்லை என்றால், அதன்பின் இது காதல் விவகாரமே அல்ல. சமாதானம் பேசாதீர்கள், 'காட்சி முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் சம்மதத்தோடு அன்றே எழுத்தில் புகாராகக் கொண்டுபோங்கள்.

நாளை மாலை ஒத்திகை அறிக்கையில் எழுத வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 'இருவருக்கும் மனக்கசப்பு' என்று எழுதாதீர்கள், அந்தக் காகிதம் எல்லாத் துறைகளுக்கும் போகும். 'கடைசி இருவர் பாடல்: அசைவுகள் மாற்றப்பட்டன, இருவரும் ஒப்புக்கொண்டனர். தினமும் திரை தூக்குவதற்கு முன் 15 நிமிடம் சண்டை ஒத்திகை. வலப்பக்கம் ஒரு மானிட்டர் தேவை.' இவ்வளவு போதும். மானிட்டருக்குத் தொழில்நுட்பக் குழுவிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள், கேபிள் இழுக்க அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும்.