வெட்டு எந்திரத்துக்கான டிஎக்ஸ்எஃப் கோப்பு ஏன் திரும்பி வருகிறது?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் திரையில் ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் துளையிட்ட தகடு) வரைபடம் சரியாகத் தெரிந்தும், அதன் டிஎக்ஸ்எஃப் கோப்பை (வரைபடத்தைப் பிற மென்பொருள்களும் படிப்பதற்கான வடிவம்) ராணிப்பேட்டை லேசர் பட்டறையில் "கோப்பு சுத்தமாக இல்லை" என்று திருப்பி அனுப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் இத்தகைய கோப்புகளை வெட்டுக்குத் தயார் செய்பவன் என்ற முறையில் சொல்வதானால், நீங்கள் பார்ப்பது உருவத்தை. எந்திரம் படிப்பது கோடுகளை மட்டுமே.

பெரும்பாலான கோப்புகளில் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு படிந்திருக்கும். மிரர் (கண்ணாடிப் பிம்பம்), காப்பி செய்யும்போதும் பிளாக்கை (ஒன்றாகக் கட்டிய வடிவத் தொகுப்பை) உடைக்கும்போதும் இது சேர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் லேசர் அதே பாதையில் இருமுறை ஓடி விளிம்பைக் கருக்கிவிடும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ மேல்தோல் வெட்டும் கத்தி எந்திரமானால் தோலின் ஓரம் பிசிறு தட்டும். ஆட்டோகேடின் ஓவர்கில் கட்டளை இந்த இரட்டைக் கோடுகளை நீக்கிவிடும்.

அடுத்தது, மூடாத பாதை. லேசர் கற்றை எடுத்துக்கொள்ளும் அகலத்துக்கு ஈடாக, துளையில் உள்பக்கமும் வெளி விளிம்பில் வெளிப்பக்கமும் பாதையை நகர்த்துவது பட்டறையின் மென்பொருள்தான் என்பதால், கோட்டு முனைகளுக்கு இடையே 0.01 மி.மீ. இடைவெளி இருந்தாலும் எது உள், எது வெளி என்று அதற்குத் தெரியாமல் போகலாம். பிஇடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்து, ஃபஸ் அளவை (எவ்வளவு இடைவெளி வரை இணைக்கலாம் என்ற வரம்பை) மிகச் சிறியதாக வைத்து இணையுங்கள். அளவைக் கூட்டினால் சிறு வெட்டுக்குறிகளின் வடிவம் கெடும். அந்த நகர்வை நீங்களே வரைபடத்தில் சேர்க்க வேண்டாம், அது இருமுறை கணக்காகிவிடும்.

ஸ்ப்லைன் எனப்படும் நெளிவான வளைவுகளை, டிஎக்ஸ்எஃப்-இன் பழைய பதிப்பான ஆர்12 வடிவம் ஏற்காது. அப்படியே சேமித்தால் நூற்றுக்கணக்கான துண்டுக் கோடுகளாகச் சிதறி, எந்திரம் வளைவில் திணறித் திணறி ஓடும். முன்னதாகவே பிலைன்கன்வர்ட்மோட் என்ற ஆட்டோகேட் அமைப்பு மாறியை 1 ஆக்கிப் பாலிலைனாக (ஒரே தொடர் கோடாக) மாற்றினால் வளைவுகள் வில்களாக நிற்கும்.

அளவுக்கோடுகள், தலைப்புக் கட்டம், மையக்கோடு எல்லாம் நீங்க வேண்டும்; வெட்டுக்கு ஒரு லேயர் (வரைபட அடுக்கு), குறியிடுவதற்கு ஒரு லேயர் போதும். (வண்ணம் எதுவானாலும் சரி, எது எதற்கு என்று சொல்லிவிடுங்கள்.)

டிஎக்ஸ்எஃப்-இல் வடிவங்கள் வெறும் எண்களாகவே பதிவாகின்றன. ஆர்12 வடிவத்தில் மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பும் கிடையாது. எனவே 100 மி.மீ. தகட்டை எதிர்முனை 100 அங்குலமாகப் படித்தால் அது 25.4 மடங்கு பெரிதாகிவிடும். கோப்பின் பெயரிலேயே அலகு, தகட்டின் தடிமன், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். ஏற்றுமதி செய்த கோப்பை வெற்று வரைபடத்தில் திறந்து ஒரு போல்ட் துளையின் விட்டத்தை அளந்து பார்த்து, அதே அளவைக் குறித்த பிடிஎஃப் ஒன்றையும் உடன் அனுப்புங்கள். எந்திரம் ஓட்டுபவர் தகட்டை ஏற்றும் முன் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்.