கேளுங்கள், மாமி சொல்கிறேன்: தில்லிக் குளிரும் இட்லி மாவும்

1966-ல் கல்யாணமான கையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி தில்லி வந்தேன். முதலில் கரோல் பாகில் ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டை மாடியில் ஒற்றை அறை. அப்புறம் ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். இப்போது மயூர் விஹாரில் மகன் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்ததும், பழைய காலத்துக் குடித்தனம் பற்றி ஆளுக்கொரு கேள்வியைச் சீட்டில் எழுதி என் மடியில் போட்டார்கள். என் பதில்கள் இதோ.

துவாரகாவிலிருந்து வந்த மருமகள்: மாமி, ஜனவரியில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. ஈஸ்ட் போடலாமா?

வேண்டாம்மா. ரொட்டி வாசனை வந்துவிடும். மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் 28, 30 டிகிரி சூடுதான். தில்லியில் ஜனவரி ராத்திரி வெளியே ஐந்தாறு டிகிரிக்குப் போய்விடும், அடுப்பங்கரையும் சில்லென்று கிடக்கும். அதில் மாவு தூங்கத்தான் செய்யும்.

அரிசி, உளுந்து இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை. உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர். கோடையில் நாலுக்கு ஒன்று உளுந்து போட்டால் குளிருக்கு மூன்றரைக்கு ஒன்று போடு. அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரே விடு. உப்பை இப்போது போடாதே, பொங்கின பிறகு போட்டுக்கொள்ளலாம். உப்பு கூடினால் புளிப்பது தாமதமாகும். கையால் நன்றாகக் கலந்து, பாதிப் பாத்திரம் காலியாக இருக்கும்படி மூடிவை. உங்கள் வீட்டில் ஓவன் இருந்தால் அதற்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க வைத்துவிடு. அதுவே போதும்.

எங்களுக்கு ஓவன் ஏது? ரஜாய்தான், அதாவது பஞ்சு அடைத்த கனமான போர்வை. மாமியார் மாவு அடுக்கைப் பழைய சால்வையில் சுற்றி மாமனாரின் ரஜாய்க்குள் கால்மாட்டில் வைத்துவிடுவார். மனித உடம்புச் சூட்டைவிட நல்ல சூடு உண்டா? ஒரு வருஷம் பொங்கலுக்கு முந்தின ராத்திரி, நாலு மணி இருக்கும், "டொப்" என்று ஒரு சத்தம். மாமனார் எழுந்து உட்கார்ந்து டார்ச்சைத் தேடுகிறார். "காலடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள்!" என்றார். திருடன் என்று நினைத்து மைத்துனர் விறகுக் கட்டையோடு ஓடி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் மூடி ஒரு பக்கம், மாவு ரஜாயெல்லாம். மாமனார் விரலால் தொட்டு ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்: "நன்றாகப் புளித்திருக்கிறது, இன்றைக்கு இட்லி பூப்போல வரும்." அன்றைக்கு இட்லி அப்படித்தான் வந்தது. வில்லைத் தட்டிக்கொண்டு தெருவில் வரும் பஞ்சு கொட்டுகிறவரிடம் அந்த ரஜாயைக் கொடுத்துப் புதிதாக்கிக்கொண்டோம்.

நொய்டா: காபி ஃபில்டரில் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது.

மேல் பாத்திரத்தை எடுத்து, அடித்தட்டு நேரே தீயில் படும்படி ஒரு நிமிஷம் பிடி. துணி சுற்றிப் பிடித்துக்கொள். துளைகளில் அடைத்திருக்கிற தூள் கருகி உதிர்ந்துவிடும். தட்டிக் கழுவி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார், ஒவ்வொரு துளையும் நட்சத்திரம் மாதிரி தெரிய வேண்டும். அதற்கும் சரிப்படவில்லை என்றால் தூள் மிக நைஸாக இருக்கிறது, அல்லது தூளின் மேல் வைக்கிற குடை மாதிரித் தட்டை நீ அழுத்தி வைக்கிறாய்.

வசந்த் குஞ்ஜ்: தேங்காய் எண்ணெய் கல்லாகி விடுகிறதே, கெட்டுப்போனதா?

இல்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும், அவ்வளவுதான். வாயகன்ற பாட்டிலில் வாங்கு, வெயிலில் வை.

குர்கான், இருபத்திரண்டாவது மாடி: மொட்டை மாடி இல்லாமல் வடாம் போட முடியுமா?

பால்கனியில் நாலைந்து மணி நேரம் நேர் வெயில் விழுமா? விழுந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் இப்போது, பனிமூட்டத்தில், கை வைக்காதீர்கள். ஏப்ரலில் ஆரம்பியுங்கள். மே, ஜூனில் ஆந்தி, அதாவது புழுதிப் புயல், அடித்தால் வடாமெல்லாம் மண் கடிக்கும்.

ஒரு பங்கு பச்சரிசி மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். தண்ணீர் கொதிக்கும்போது பச்சை மிளகாய் அரைத்தது, பெருங்காயம், உப்பு போட்டு, மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உப்பு விஷயத்தில் மட்டும் கவனம்: கூழாக இருக்கும்போது நாக்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். காய்ந்தால் ஏறிக்கொள்ளும். சூடு ஆறுவதற்குள் அச்சில் பிழியுங்கள். வேட்டியில் பிழிந்தால், காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்து உரியுங்கள். பிளாஸ்டிக் ஷீட் என்றால் அதுவே கழன்று வரும். மேலே ஒரு பழைய கொசுவலைத் துணி போர்த்திவிடுங்கள். முதல் தடவை ஒரு டம்ளர் மாவு போதும்.

கரோல் பாக் மாடியில் எங்களுக்குக் காவல் மைத்துனரின் பையன், ஏழு வயசு. காக்காயை ஓட்டக் கறுப்புக் குடை, தலைக்கு ஈரத்துண்டு, ஒரு கூஜா மோர், எல்லாம் கொடுத்து உட்கார வைப்போம். சாயந்திரம் மாமியார் எண்ணிப் பார்த்தால் இரண்டு வரிசை காணோம். "காக்கா கொண்டுபோச்சு பாட்டி" என்பான். அவன் வாயோரம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அரைக் காய்ச்சல் வடாமின் ருசி அப்படி! மறுநாளிலிருந்து மாமியார் இரண்டு வரிசை கூடவே பிழிந்தார், "இது காக்காய்க்கு" என்று தனியாகச் சொல்லி. அவன் அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு மற்றதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தான்.

முனிர்கா: மாமியார் கொடுத்த காஞ்சிபுரம் புடவை மடிப்பில் நூல்விட ஆரம்பித்துவிட்டது.

ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் ஜரிகையும் பட்டும் அந்த இடத்தில் ஒடியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். பழைய, நன்றாகத் துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் உள்ளேயே நிற்கும். அந்துருண்டை போடுவதானால் தனித் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், ஜரிகையைத் தொடக்கூடாது. ஓட்டை விழுந்த இடத்தை நீங்களே தைக்க வேண்டாம், ரஃபூக்காரர்கள், அதாவது கிழிசலை இழையோட்டிச் சேர்க்கிறவர்கள், நூல் தெரியாமல் சேர்த்துத் தருவார்கள்.

துவாரகா, இன்னொருவர்: போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவில்லை.

கடின நீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குடிக்கிற வடிகட்டின தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே மாதிரித் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். உப்பும் புளியும் குழைந்த பிறகுதான். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் போய்விடும், எனக்கு அதில் இஷ்டமில்லை. பருப்பே பழசாக இருந்தால் எதுவும் உதவாது, கடையை மாற்றுங்கள். குக்கர் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவிடுங்கள்.

லட்சுமி நகர்: அங்கீட்டியில், அதான் கரியடுப்பில், குளிர் காய்ந்த கதையைச் சொல்லுங்கள் மாமி, நாங்களும் ஒன்று வாங்கலாமா?

வாசலில் வைத்துக் குளிர் காயலாம், கடலை வறுத்துச் சாப்பிடலாம். அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவே கூடாது. கரிப்புகையில் வாசனையே இல்லாத நச்சுக்காற்று உண்டு, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தில்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் சாவுச் செய்தி வருகிறது. எங்கள் மாமனார் படுக்கப் போகுமுன் அங்கீட்டியை வெளியே தூக்கி வைத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவார். அதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

இந்திராபுரத்திலிருந்து ஒரு புது மாப்பிள்ளை: இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் ஏழு பேர் சண்டை போடாமல் எப்படி மாமி இருந்தீர்கள்?

சண்டை போட்டோம் அப்பா! ஆனால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லிசு, சத்தம் போட முடியாது. அதனால் எங்கள் வீட்டில் கோபம் காபியில் வரும். மாமியாருக்கு மாமனார் மேல் வருத்தம் என்றால் டபராவில் நுரை இருக்காது. பேச்சே கிடையாது, நுரையில்லாத காபி மட்டும் வரும். மாமனார் அதைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் குடிப்பார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டி.எம்.எஸ். என்கிற தில்லிப் பால் திட்டத்தின் பூத்துக்குப் போய், தானே பால் பாட்டிலை வாங்கி வருவார். வழக்கமாக அது பிள்ளைகளின் வேலை. திரும்பி வரும்போது ஒரு முழம் மல்லிகையும் இருக்கும். மறு காபியில் நுரை விளிம்புக்கு மேலே நிற்கும். நாங்களெல்லாம் கதவோரம் நின்று நுரையைத்தான் பார்ப்போம். உங்கள் வீட்டில் எது நுரை என்று நீங்கள் சீக்கிரம் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு குட்டி: பாட்டி, உங்கள் பால்கனியில் அந்தப் பெரிய கல் என்ன?

ஆட்டுக்கல், கண்ணே. என் மாமனார் சென்னையிலிருந்து ஜி.டி.யில் கொண்டுவந்தது. இரண்டு ராத்திரி பெஞ்சுக்கு அடியில், கோணி சுற்றி. புது தில்லி ஸ்டேஷனில் தூக்க வந்த கூலிக்காரர் திணறிப்போய், "உள்ளே சாமியா?" என்று ஹிந்தியில் கேட்டாராம். மாமனார், "ஆமாம், எங்களுக்குச் சோறு போடுகிற சாமி" என்றாராம். அவர் கோணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தலையில் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலை வா. உளுந்து ஊறவைத்திருப்பேன், குழவியை நீ சுற்று, நான் தள்ளிவிடுகிறேன்.