கியாந்தி மலைகளில் சைக்கிள்: 34–28 கியர் போதுமா?

ஆகஸ்ட்டில் இத்தாலியின் கியாந்தி மலைப்பகுதி வழியாக ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனா வரை, பின்னால் பைகளை மாட்டிக்கொண்டு போக 34–28 கியர் (முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல்) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வெறும் வண்டிக்குப் போதும், பைகளோடு கஷ்டம். கியாந்தியில் நீண்ட மலையேற்றம் கிடையாது, ஆனால் விடாமல் ஏறி இறங்கி ஏறுவதில் முட்டி கழன்றுவிடும். வழியில் வரும் கிரெவே ஊர் சுமார் 240 மீட்டர் உயரம். அடுத்த ஊர் பன்சானோ ஏறக்குறைய 500. காஸ்தெல்லினா அதற்கும் மேலே. பின் கேசட்டை, அதாவது பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியை, பெரியதில் 34 பல் உள்ளதாக மாற்றுங்கள். உங்கள் டீரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) அதை ஏற்குமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்.

இந்த ஊர்கள் வழியாகப் போகும் 222-ஆம் எண் சாலை அழகுதான், கார்களும் அதிகம். ராத்தா, கையோலே ஊர்கள் பக்கம் ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்கிற வெள்ளைச் சரளைச் சாலைகள் இருக்கின்றன. 25 மி.மீ. டயரோடு அவற்றில் இறங்காதீர்கள், குறைந்தது 32 மி.மீ. வேண்டும்.

உண்மையில் எனக்குக் கியரைவிட மாதம்தான் கவலை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிழலே இருக்காது. மதியம் ஊர்க் கடைகளை மூடிவிடுவார்கள், ஆகஸ்ட் 15 அங்கேயும் விடுமுறை வேறு. மே மாதத்துக்கு மாற்ற முடியுமா? முடியாவிட்டால் காலை 6 மணிக்குக் கிளம்பி 11-க்குள் முடித்துவிடுங்கள். அப்புறம், ஒயின் சுவைப்பதை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினாலும் அங்கே குற்றம்தான். திரும்புவதற்கு சியெனாவிலிருந்து ரயில் இருக்கிறது.