நகலைப் பார்க்கவா புளோரன்ஸ் போனோம்?

கேள்வி: புளோரன்ஸில் காசு கட்டி ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்தோம். மூன்று மணி நேரம் வெயிலில் நடக்கவைத்து, நாலு காலி மைதானங்களைக் காட்டினார்கள். டேவிட் சிலைகூட நகலாம்! இது ஏமாற்று வேலைதானே? – கோவை வாசகர்

பதில்: நகல் என்று வழிகாட்டியே சொல்லிவிட்டார். அப்புறம் ஏமாற்று எங்கே வந்தது?

மிக்கேலாஞ்சலோவின் டேவிட் 1504 முதல் சிஞ்ஞோரியா சதுக்கத்தில், பலாஸ்ஸோ வெக்கியோ என்ற அரண்மனையின் வாசலில்தான் மழையிலும் வெயிலிலும் நின்றது. பளிங்கு பாழாகிறதே என்று 1873இல் அகாடெமியா என்ற கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் இப்போது நிற்கும் நகலை 1910இல் வைத்தார்கள். அசல்தான் வேண்டுமென்றால் அகாடெமியாவுக்கு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். அது போகட்டும், அதே சதுக்கத்தின் ஓரத்தில் வளைவு மண்டபம் ஒன்று இருக்கிறதே, அதில் அரக்கி மெதூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸைப் பார்த்தீர்களா? செல்லினி என்ற சிற்பி வார்த்த அசல் வெண்கலம். 1554இல் திறந்துவைத்தது. பார்க்கக் காசு கிடையாது.

இனி, உங்கள் 'காலி மைதானம்'. சிஞ்ஞோரியா சதுக்கம் ஏன் சதுரமாக இல்லாமல் ஒடிந்து மடங்கிக் கிடக்கிறது என்று யோசித்தீர்களா? 13ஆம் நூற்றாண்டில் போப் கட்சிக்கும் பேரரசர் கட்சிக்கும் அந்த ஊரில் தீராத பகை. போப் கட்சி ஜெயித்ததும், எதிர்க்கட்சியின் பெரிய தலைக்கட்டான உபெர்தி குடும்பத்து வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. அந்த மண்ணில் இனி எந்தக் கட்டடமும் எழக்கூடாது என்று தீர்மானம். 1299இல் பலாஸ்ஸோ வெக்கியோவைக் கட்டத் தொடங்கியபோதுகூட, உபெர்தி நிலத்தில் கால் வைக்காமலிருக்கவே அதைக் கோணலாகக் கட்டினார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் வில்லானி. அங்கே காலியாகக் கிடப்பது ஒரு தண்டனை.

சவனரோலா என்ற துறவி 1497இல் ஆடம்பரப் பொருள்களையெல்லாம் குவித்துத் தீ வைத்ததும் அங்கேதான். மறு வருடம் மே 23 அன்று அவரையே தூக்கிலிட்டு எரித்ததும் அங்கேதான். அந்த இடத்தைக் காட்ட, நெப்டியூன் நீரூற்றுக்குப் பக்கத்தில் தரையில் வட்டக் கல் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதன் மேலேயே நின்றுதான் செல்ஃபி எடுக்கிறார்கள்.

குடியரசுச் சதுக்கம் பிடிக்கவில்லை என்றால் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, எனக்கும் பிடிக்காது. 1865 முதல் சில வருடங்கள் இத்தாலிக்குத் தலைநகராக இருந்த மிதப்பில் ஊரைப் புதுப்பிக்கக் கிளம்பியவர்கள், அங்கே இருந்த பழைய சந்தையையும் யூதர் குடியிருப்பையும் நூற்றாண்டு முடிவதற்குள் பெயர்த்தெறிந்துவிட்டார்கள். 'நூற்றாண்டு கால அசிங்கத்திலிருந்து' நகர மையத்தை மீட்டோம் என்று அந்தச் சதுக்கத்தின் வளைவில் பெருமையாகப் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். பழைய ஊரை இடித்தவர்கள் தங்களுக்கே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்!

ஒன்று கேட்கிறேன். சந்திஸ்ஸிமா அன்னுன்சியாத்தா சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார்களா? கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1419இல் வடிவமைத்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் அங்கே இருக்கிறது. வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில் துணி சுற்றிய குழந்தைகளின் சுடுமண் உருவங்கள். பெயர் சொல்லாமல் குழந்தையை விட்டுப்போகும் வழி 1875 வரை அங்கே திறந்திருந்தது. கதீட்ரலிலிருந்து பொடிநடையாகவே போய்விடலாம். அதைக் காட்டாமல் விட்டிருந்தால் தாராளமாகப் புகார் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.