கணிதக் கேள்வி பதில்: அச்சுகளில் மட்டும் தட்டையாகத் தெரியும் பரப்பு

கேள்வி: எக்ஸ், ஒய் என்ற இரு எண்களின் பெருக்கற்பலனையே உயரமாகக் கொண்ட சார்பை வரையச் சொன்னார்கள். எக்ஸ் அச்சின் வழியே வெட்டினாலும் ஒய் அச்சின் வழியே வெட்டினாலும் உயரம் பூச்சியமாகவே வருவதால், அது தட்டையான தளம் என்று எண்ணினேன். கணினியோ முறுக்கிய பரப்பைக் காட்டுகிறது. எது சரி?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: கணினி காட்டுவதே சரி. உங்கள் கணக்கில் பிழையில்லை. இரண்டு வெட்டுமுகங்களைக் கொண்டு முழுப் பரப்பையும் முடிவு செய்ததே சிக்கல்.

ஒய் = எக்ஸ் என்ற கோட்டின் வழியே வெட்டிப் பாருங்கள். உயரம் எக்ஸின் வர்க்கமாகி, ஆதிப்புள்ளியிலிருந்து இருபுறமும் ஏறுகிறது. ஒய் = −எக்ஸ் என்ற கோட்டிலோ இருபுறமும் இறங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் அமைப்பும் இதுவே: நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்பவர் ஏறிக் கடக்கும் அவ்விடம், வடக்கிலும் தெற்கிலும் உள்ள மலைகளிலிருந்து இறங்கி வருபவருக்கு மிகத் தாழ்ந்த இடமாகும். இத்தகைய புள்ளியைச் சேணப் புள்ளி என்பர். ஏறும் திசைக்கும் இறங்கும் திசைக்கும் இடையே உயரம் மாறாத வழி ஒன்று இருந்தே தீரும். உங்கள் சார்பில் அவ்வழிகள் அச்சுகளின் மேலேயே அமைந்துவிட்டன.

எனவே, கையால் வரைவோர் சம உயரக் கோடுகளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். பெருக்கற்பலன் 1 ஆகும் (1, 1), (2, ½), (½, 2) போன்ற புள்ளிகளை இணைத்தால் அதிபரவளையம் எனும் இரு கிளை வளைகோட்டின் ஒரு கிளை கிடைக்கும். இரண்டு எண்களும் குறை எண்களாக உள்ள கால்பகுதியில் மறு கிளை அமையும். −1க்கு உரிய கிளைகள் எஞ்சிய இரு கால்பகுதிகளில் விழும். பூச்சியத்துக்கு உரியவை அச்சுகளே. இக்கோடுகள் நெருங்கும் இடங்களில் சரிவு அதிகம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் மலைச்சரிவைப் படிப்பதும் இவ்வாறே.

நீங்கள் கண்ட முறுக்குக்கும் விளக்கம் உண்டு. ஒய்யை 1 என நிறுத்தினால் உயரம் எக்ஸ். 2 என நிறுத்தினால் அதன் இருமடங்கு. −1 என்றால் சாய்வு எதிர்ப்புறம் திரும்பிவிடும். ஒவ்வொரு வெட்டும் நேர்கோடுதான், சாய்வு மட்டுமே படிப்படியாக மாறுகிறது. நேரான பலகைகளை அடுக்கியே இவ்வடிவக் கான்கிரீட் கூரைகளை வார்க்க முடிவதும் இதனால்தான். 1958இல் மெக்சிகோவில் கட்டடக் கலைஞர் ஃபெலிக்ஸ் கண்டேலா எழுப்பிய உணவகக் கூரை இவ்வகைப் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டி அமைந்தது.

கணினியில் உயரத்துக்கேற்ப வண்ணம் தரச் செய்து, படத்தை நேர் மேலிருந்து பாருங்கள். வண்ணப் பட்டைகள் நீங்கள் வரைந்த அதிபரவளையங்களோடு பொருந்தாவிட்டால், இரு அச்சுகளின் அளவுத்திட்டமும் சமமாக உள்ளதா என்று முதலில் சரிபாருங்கள்.