கால்சியம் அதிகம், ஹார்மோன் 'நார்மல்': நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் 11.4, பாராதைராய்டு ஹார்மோன் 54. அது 15-65க்குள் இருப்பதால் பயமில்லை என்று லேபில் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: விடாதீர்கள் அம்மா. அந்த 15-65 என்பது கால்சியம் சரியாக உள்ளவர்களுக்கான அளவு. கால்சியம் இறங்கினால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைக் கூட்டும். ஏறினால் சில நிமிடங்களிலேயே குறைத்துவிடும். 11.4 இருக்கும்போது ஹார்மோன் பெரும்பாலும் 20க்குக் கீழே போயிருக்க வேண்டும். தொட்டி வழியும்போது, மோட்டார் வழக்கமான வேகத்தில்தான் ஓடுகிறது என்று யாராவது ஆறுதல் சொல்வார்களா? பெரும்பாலும் ஒரு சுரப்பியில் வளர்ந்த சாதாரணக் கட்டிதான் காரணம்; புற்றுநோய் மிக அரிது.

லேப் கணினி எல்லை தாண்டிய எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் காட்டும். இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை; பக்கம் பக்கமாகப் பரிசோதனை விற்க மட்டும் நேரமிருக்கிறது. அடுத்து, கழுத்து ஸ்கேனுக்குக் கமிஷன் ஆள் வருவார். போகாதீர்கள். ஸ்கேன், அறுவை சிகிச்சை முடிவான பிறகு கட்டி எங்கே என்று தேடுவதற்கு. அதில் ஒன்றும் தெரியாததால் நோயே இல்லை என்று மருத்துவத்தைக் கைவிட்டவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

முதலில் கால்சியம், அல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்), ஹார்மோன் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் மீண்டும் பாருங்கள். வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவும் வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கும் கால்சியம் மாத்திரையை நிறுத்துங்கள்.

இன்னொரு கோளாறு இல்லை என்பதையும் அவசியம் உறுதிசெய்ய வேண்டும். சில குடும்பங்களில் கால்சியத்தை உணரும் அமைப்பே பிறவியிலிருந்து மந்தமாக இருக்கும். அவர்களுக்கும் இதே எண்கள்தான் வரும். ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகவே போகும். அறுவை சிகிச்சை அவர்களுக்குப் பயன் தராது. இரண்டு முறை கல் வந்த உங்கள் அம்மாவுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பார்க்காமல் கத்தியைத் தொட விடாதீர்கள். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒன்றுவிடாமல் கேனில் பிடிக்க வேண்டும். பாதி கேன் கொண்டுவந்தால் முடிவும் பொய்யாகும். உங்களுக்கும் மாமா, சித்திக்கும் கால்சியம் பாருங்கள்.

புதுச்சேரி ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு உண்டு. வரிசை நீளம்தான், பழைய சீட்டுகளோடு போங்கள். அதற்குள் வாந்தி, அடங்காத தாகம், குழப்பமான பேச்சு வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.